வீட்டுத் திரையில் ஹாலிவுட் நடனப் படங்கள்

ஏறத்தாழ 1929 முதல் 1960 வரை அமெரிக்காவின் பெரிய படநிறுவனங்கள் எடுத்த, பாட்டும் நடனமும் கதையைத் தாங்கி நிற்கும் திரைப்படங்கள் ஹாலிவுட்டின் செவ்வியல் நடனப் படங்கள் எனப்படுகின்றன. பிரெட் அஸ்டேர், ஜிஞ்சர் ரோஜர்ஸ், எலினோர் பவல், ஜீன் கெல்லி, சிட் சாரிஸ், நிக்கலஸ் சகோதரர்கள் ஆகியோர் இவற்றின் புகழ்பெற்ற ஆடற்கலைஞர்கள். திரையரங்குக்காக எடுக்கப்பட்ட இப்படங்களை இன்று அறிந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் திரையரங்கில் பார்த்தவர்கள் அல்லர். தொலைக்காட்சி, வீடியோ கேசட், லேசர் டிஸ்க், டிவிடி, புளூ-ரே ஆகியவற்றின் வழியாகவே இவை அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு வந்து சேர்ந்தன.

ஒரு நடனத்தை நிறுத்தி, திருப்பி, மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கும் வசதியை வீடியோ தந்தது. அதே வீடியோதான் பல ஆண்டுகள் ஆடுபவரின் பாதத்தையும், பக்கத்தில் ஆடும் துணைவரையும், சில நாடுகளில் தாளத்தின் வேகத்தையும்கூட மாற்றிவிட்டது. ஆகவே நடனம் பயிலும் மாணவருக்கு, எந்தப் படம் என்ற கேள்வியோடு எந்தப் பதிப்பு என்ற கேள்வியும் முக்கியமாகிறது.

நடனத்தைப் படமாக்கிய இரு வழிகள்

பேசும்படம் வந்தவுடனேயே நடனப் படமும் வந்துவிட்டது. எம்.ஜி.எம். நிறுவனத்தின் 'தி பிராட்வே மெலடி' (1929) சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்ற முதல் பேசும்படமாகும். ஆனால் அக்காலக் கேமரா, தன் இரைச்சல் ஒலிவாங்கியில் பதியாமலிருக்க மூடிய அறைக்குள் வைக்கப்பட்டிருந்ததால், நகர முடியாமல் நின்றது. நடனமும் நாடக மேடையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

இதை மாற்றியவர்களில் முதன்மையானவர் பஸ்பி பெர்க்லி. வார்னர் நிறுவனத்துக்காக 1933ஆம் ஆண்டில் மட்டும் 'ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்', 'கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933', 'ஃபுட்லைட் பரேட்' என்ற மூன்று படங்களுக்கு அவர் நடனக் காட்சிகளை அமைத்தார். கேமராவை உச்சியில் ஏற்றிவைத்து, கீழே பெண்களைப் பூவிதழ்போல் விரியவும் மூடவும் செய்தார். அக்காட்சிகளில் தனி ஒருவரின் ஆடல் திறமைக்கு அதிக வேலையில்லை. கோலத்தில் ஒரு புள்ளி என்ன செய்கிறதோ அதைத்தான் அங்கே ஒரு நடனப் பெண் செய்கிறாள்.

ஆர்.கே.ஓ. நிறுவனத்தில் பிரெட் அஸ்டேர் இதற்கு நேர் எதிரான வழியை எடுத்தார். 1933இல் வந்த 'ஃப்ளையிங் டவுன் டு ரியோ' தொடங்கி 1939 வரை அவரும் ஜிஞ்சர் ரோஜர்சும் அந்நிறுவனத்தில் 9 படங்களில் சேர்ந்து நடித்தனர். பத்தாவது படமான 'தி பார்க்லீஸ் ஆஃப் பிராட்வே' 1949இல் எம்.ஜி.எம். நிறுவனத்தில் வந்தது. ஆடும்போது தலைமுதல் கால்வரை முழு உடலும் சட்டகத்துக்குள் தெரிய வேண்டும், வெட்டுகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும், ஆடுபவர் நகர்ந்தால் கேமராவும் உடன் நகர வேண்டும் என்பவை அஸ்டேரின் நிபந்தனைகள். முகத்தையோ காலையோ தனியே அண்மையில் காட்டுவதை அவர் விரும்பவில்லை. 'ஸ்விங் டைம்' (1936) படத்தின் இறுதிச் சோக நடனத்துக்கு 47 முறை படமெடுக்க வேண்டியிருந்தது என்றும், ரோஜர்சின் கால்களில் இரத்தம் கசிந்தது என்றும் சொல்லப்படுகிறது. வெட்டி ஒட்டிச் சமாளிக்காத முறையின் விலை அது.

இந்த முழு உடல் விதிக்குக் காரணம் உண்டு. டாப் நடனத்தில் காலணியின் முனையிலும் குதியிலும் உலோகத் தகடுகள் பொருத்தப்பட்டிருக்கும், பாதமே தாளக்கருவி. பரதநாட்டியம் கற்றவர்களுக்குச் சலங்கையும் தட்டடவும் நினைவுக்கு வரலாம். ஆனால் சலங்கை தரையில் பட்டுத்தான் ஒலிக்க வேண்டும் என்பதில்லை. டாப் நடனத்தின் ஒவ்வோர் ஒலியும் தகடு தரையைத் தொட்ட இடத்தில் பிறப்பது. பாதத்தை மறைத்துவிட்டால் ஒலி எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாமல் போகும். அதே வேளையில் தோளும் கையும் அந்த வேகத்தைத் துளியும் காட்டாமல் இலகுவாக இருப்பதுதான் அஸ்டேரின் நளினம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வியப்பு.

1940களில் எம்.ஜி.எம். நிறுவனத்தில் ஆர்தர் பிரீட் என்ற தயாரிப்பாளரின் குழு இந்த வகையை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றது. 'ஆன் தி டவுன்' (1949), சுமார் 17 நிமிடப் பாலே நடனத்தோடு முடியும் 'ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்' (1951), ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் சேர்ந்து இயக்கிய 'சிங்கிங் இன் தி ரெயின்' (1952), வின்சென்ட் மினெல்லியின் 'தி பாண்ட் வேகன்' (1953) ஆகியவை அக்குழுவின் ஆக்கங்கள்.

வீடியோவுக்கு முன்

ஒரு படம் திரையரங்கை விட்டுப் போனபின் அதைத் திரும்பப் பார்க்க ரசிகருக்கு வழியில்லாதிருந்தது. 1950களின் நடுவிலிருந்து பழைய படங்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு விற்கப்பட்டன. அங்கே விளம்பரத்துக்கும் குறித்த நேரத்துக்கும் இடம்கொடுக்கப் படங்கள் குறைக்கப்பட்டன. கதை புரிய வேண்டுமே என்று வசனத்தை விட்டுவைத்து, கதையை நகர்த்தாத நடனத்தில் கத்தரி வைப்பது எளிதாக இருந்தது.

1974இல் எம்.ஜி.எம். தன் பழைய படங்களின் பாடல், நடனக் காட்சிகளைத் தொகுத்து 'தட்ஸ் என்டர்டெய்ன்மென்ட்' என்ற படத்தை வெளியிட்டது. அது பெரும் வெற்றி பெற்று, 1976இல் இரண்டாம் பாகமும் 1994இல் மூன்றாம் பாகமும் வந்தன. பழைய நடனப் படங்களுக்கு இன்னும் சந்தை இருக்கிறது என்று நிறுவனங்களுக்குக் காட்டியது இத்தொகுப்பே எனலாம்.

கேசட் காலம்

சோனியின் பீட்டாமாக்ஸ் 1975இலும், ஜே.வி.சி. நிறுவனத்தின் வி.எச்.எஸ். 1976இலும் ஜப்பானில் அறிமுகமாயின. 1977இல் டுவென்டியெத் செஞ்சுரி ஃபாக்ஸ் தன் 50 படங்களை மேக்னெடிக் வீடியோ என்ற நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது; திரைப்படங்களைக் கேசட்டாக விற்கும் வணிகம் அதிலிருந்துதான் பெரிய அளவில் தொடங்கிற்று. தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பின்னர் பார்ப்பது குற்றமாகாது என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. நள்ளிரவில் ஒளிபரப்பான பழைய நடனப் படங்களைப் பதிந்து சேர்த்த ரசிகர்களுக்கு அத்தீர்ப்பு பெரிய ஆறுதல்.

கேசட்டில் 1930களின் படங்கள் ஓரளவு தப்பித்தன. அக்காலப் படங்களின் அகல உயர விகிதம் 1.37க்கு 1. பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் விகிதம் 1.33க்கு 1. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. பழைய படக்குழாய்ப் பெட்டிகள் சட்டகத்தின் ஓரங்களைச் சிறிது மறைப்பது வழக்கம் என்பதால், தரையை ஒட்டிய பாதம் மட்டும் அங்கங்கே காணாமல் போகும்.

உண்மையான சேதம் 1953க்குப் பின் வந்த அகலத்திரைப் படங்களுக்கு நேர்ந்தது. தொலைக்காட்சியோடு போட்டியிட ஹாலிவுட் கொண்டுவந்த சினிமாஸ்கோப்பின் தொடக்க கால விகிதம் 2.55க்கு 1. இந்த நீளமான படத்தைச் சதுரத்தை ஒத்த பெட்டியில் நிரப்ப வேண்டுமானால், 52 விழுக்காட்டை மட்டுமே காட்ட முடியும். மீதிப் பாதி வெளியே. எந்தப் பகுதியைக் காட்டுவது என்பதை வீடியோக் கூடத் தொழில்நுட்பர் முடிவு செய்து, தேவைப்பட்டால் படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குச் சட்டகத்தை நகர்த்துவார். இதற்குப் பேன் அண்ட் ஸ்கேன் என்று பெயர். இருவர் பேசும் காட்சியில் இது பொறுத்துக்கொள்ளக்கூடியது. நடனத்தில் அப்படியில்லை. நடன இயக்குநர் அமைக்காத ஓர் அசைவு, திரையில் ஒரு நடன அசைவுபோலவே புகுந்துவிடுகிறது.

கெல்லியும் டோனனும் இயக்கிய 'இட்ஸ் ஆல்வேஸ் ஃபேர் வெதர்' (1955) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜீன் கெல்லி, டான் டெய்லி, மைக்கேல் கிட் ஆகிய மூவரும் தெருவில் குப்பைத்தொட்டி மூடிகளை ஒரு காலில் மாட்டிக்கொண்டு ஆடும் நடனம் அதில் உண்டு. மூவரும் சட்டகத்தின் முழு அகலத்தையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வேறொரு கட்டத்தில் திரையே மூன்றாகப் பிரிந்து மூவரும் தனித்தனி இடத்தில் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். பாதித் திரையில் மூன்று பேரை எப்படிக் காட்டுவது? மூன்று நண்பர்கள் பிரிந்து போவதைப் பற்றிய கதையில், வீடியோவே ஒருவரை வெளியே தள்ளிவிட்டது.

'செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்' (1954) படத்தின் கதை வேறு. சினிமாஸ்கோப் கருவி இல்லாத திரையரங்குகளை எண்ணி, எம்.ஜி.எம். அப்படத்தை இருமுறை எடுத்தது: ஒன்று சினிமாஸ்கோப்பில், மற்றொன்று குறுகிய சட்டகத்தில். மைக்கேல் கிட் அமைத்த, களஞ்சியம் எழுப்பும் விழாவில் ஆண்களும் பெண்களும் பலகைகள்மேல் ஆடும் நடனம் இப்படத்தின் சிகரம். பின்னாளில் டிவிடியில் இரு வடிவங்களும் சேர்ந்தே வெளிவந்தன. ஒரே நடனம் இருவேறு சட்டகங்களுக்கு எப்படி அமைக்கப்பட்டது என்று பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுவதற்கு மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

நான்கு விழுக்காடு வேகம்

இந்தியா, இங்கிலாந்து உள்ளிட்ட நாடுகள் பின்பற்றிய பால் தொலைக்காட்சி முறையில் இன்னொரு சிக்கல் இருந்தது. திரைப்படம் நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுவது. பால் முறை நொடிக்கு 25. எனவே படத்தைக் கேசட்டாக்கும்போது, 24 பிரேம்களை 25ஆகவே ஓட்டிவிடுவது எளிய வழியாக இருந்தது. இதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். மூன்று நிமிட நடனம் ஏறத்தாழ 7 நொடி முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டின் சுருதியும் அரைச்சுர அளவுக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

வசனக் காட்சியில் இதை யாரும் கவனிப்பதில்லை. நடனத்தில் காலப்பிரமாணமே மாறுகிறது. பால் கேசட்டில் பார்த்துப் பழகியவர், அசல் வேகத்தில் அதே நடனத்தைப் பார்க்கும்போது ஆடுபவர் சோர்ந்திருப்பதாக எண்ணக்கூடும்! பால் முறை டிவிடிகளிலும் இந்த வேகம் தொடர்ந்தது. நொடிக்கு 24 பிரேம்களை அப்படியே பதியும் புளூ-ரே வந்தபிறகே இது பெரும்பாலும் தீர்ந்தது. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் வேகம் மாறவில்லை. ஆனால் 4 பிரேம்களை 5ஆக நீட்டும் ஏற்பாட்டால் நிறுத்திப் பார்க்கும்போது சில பிரேம்கள் இரட்டையாக மங்கித் தெரியும்.

லேசர் டிஸ்க்கும் ஆய்வாளர்களும்

1978இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த லேசர் டிஸ்க், எல்.பி. இசைத்தட்டின் அளவிலான பெரிய வட்டு. விலை அதிகம் என்பதால் பொதுமக்களிடம் பரவவில்லை. திரைப்பட அன்பர்கள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டனர். அதில் இரு வகை உண்டு. ஒரு வகையில் பக்கத்துக்கு 60 நிமிடம் கொள்ளும். மற்றொரு வகையில் 30 நிமிடம்தான். ஆனால் வட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பிரேம் என்ற கணக்கில் 54,000 பிரேம்கள் ஒரு பக்கத்தில் பதிந்திருக்கும், எந்தப் பிரேமிலும் அசையாமல் நிறுத்தலாம். 100 நிமிடப் படத்துக்கு நான்கு பக்கம் மாற்ற வேண்டும் என்பது தொல்லைதான். ஆனால் ஒரு தாவலில் எந்தக் கால் முதலில் தரையை விட்டு எழுகிறது என்று வீட்டிலிருந்தே தெளிவாகப் பார்க்க முடிந்தது.

அஸ்டேரின் நடனங்களைப் பற்றி மிக விரிவான நூலை 1985இல் வெளியிட்ட ஜான் மியூல்லர், தொழிலால் அரசியல் அறிவியல் பேராசிரியர். அவரது 'அஸ்டேர் டான்சிங்' என்ற நூல், ஒவ்வொரு நடனத்தையும் படத்திலிருந்து எடுத்த பிரேம்களோடு விளக்குகிறது. 1986இல் கிரைட்டீரியன் நிறுவனம் 'ஸ்விங் டைம்' படத்தை லேசர் டிஸ்க்காக வெளியிட்டபோது, நடனம் ஓடிக்கொண்டிருக்கையிலேயே அதை விளக்கும் அவருடைய குரல் தனி ஒலித்தடத்தில் இடம்பெற்றது. அந்த விளக்கம் 2019இல் வந்த புளூ-ரே பதிப்பிலும் சேர்க்கப்பட்டுள்ளது. திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு, அகலப் படத்தை முழுமையாகக் காட்டும் லெட்டர்பாக்ஸ் முறையும் லேசர் டிஸ்க் அன்பர்களிடமே முதலில் செல்வாக்குப் பெற்றது. கேசட் வாங்கியவர்களோ, பட்டை தங்கள் திரையைத் திருடிக்கொள்வதாகக் குறைப்பட்டார்கள்.

நிறம்: யார் காத்தார்கள், யார் எறிந்தார்கள்

1930களின் நடுவிலிருந்து 1950களின் தொடக்கம்வரை ஹாலிவுட்டின் வண்ணப்படங்கள் டெக்னிகலர் முறையில் எடுக்கப்பட்டன. ஒரே கேமராவுக்குள் மூன்று கறுப்பு வெள்ளைப் படச்சுருள்கள் ஓடி, சிவப்பு, பச்சை, நீல ஒளியைத் தனித்தனியே பதியும். பின்னர் மூன்றும் சாயமேற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடப்படும். கறுப்பு வெள்ளைச் சுருள் என்பதால் நிறம் மங்கும் அச்சமில்லை. ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல மூன்றும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், ஒன்றோடொன்று பொருந்தாமல் உருவத்தின் விளிம்பில் நிறக்கோடுகள் தோன்றும்.

எம்.ஜி.எம். தன் பழைய நெகட்டிவ்களைப் பாதுகாப்பான படச்சுருளில் படியெடுக்கும் பணியை 1960களிலேயே மேற்கொண்டது. ஃபாக்ஸ் நிறுவனமோ 1970களில் தன் டெக்னிகலர் படங்களைச் சாதாரண வண்ணச் சுருளில் படியெடுத்துவிட்டு மூலச் சுருள்களைக் கைவிட்டது. அதன் விளைவை இன்றும் பார்க்கலாம். பெர்க்லி இயக்கி, கார்மன் மிராண்டா நடித்த 'தி கேங்ஸ் ஆல் ஹியர்' (1943) ஃபாக்ஸ் படம். ராட்சத வாழைப்பழங்களை ஏந்திய பெண்களின் ஊர்வலம் உள்ள, நிறமே நாயகனான படம் அது. அதன் முதல் டிவிடி மங்கலாக இருந்ததாகக் கடும் கண்டனம் எழுந்து, திருத்திய பதிப்பைப் பின்னர் வெளியிட வேண்டியதாயிற்று.

காத்தவர்களுக்கும் இழப்பு நேர்ந்தது. 'சிங்கிங் இன் தி ரெயின்' படத்தின் மூல நெகட்டிவ் தீவிபத்தில் அழிந்துவிட்டது. இன்று நாம் காணும் அழகிய பதிப்புகள், எஞ்சிய படிகளிலிருந்து மீட்கப்பட்டவை. மூன்று நிறப்பதிவுகளையும் கணினியில் ஒன்றோடொன்று துல்லியமாகப் பொருத்தும் முறையை வார்னர் நிறுவனம் 2000களின் தொடக்கத்தில் பயன்படுத்தியது. அதன்பின் அஸ்டேரின் கறுப்புக் கோட்டின் மடிப்புகளும், சாரிஸின் உடையின் பச்சையும் கேசட்டில் ஒருபோதும் தெரியாத அளவுக்குத் தெளிந்தன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். எம்.ஜி.எம். படங்களை வார்னர் எப்படி வெளியிடுகிறது? 1986இல் டெட் டர்னர் எம்.ஜி.எம். நிறுவனத்தை வாங்கினார். கடன் சுமையால் சில மாதங்களில் பெரும்பகுதியைத் திருப்பி விற்றாலும், பழைய படங்களின் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டார். 1996இல் அவரது நிறுவனம் டைம் வார்னருடன் இணைந்தது. எனவே தொடக்கத்தில் சிங்கம் கர்ஜிக்கும் படங்கள் இன்று வார்னரின் பெட்டியில் இருக்கின்றன. இதே டர்னர்தான் 'யாங்கி டூடுல் டாண்டி' (1942) போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் நிறம் ஏற்றிப் பெரும் எதிர்ப்பைச் சம்பாதித்தவர். அவரே 1994இல் பழைய படங்களுக்கென்றே டி.சி.எம். தொலைக்காட்சியைத் தொடங்கியவரும் ஆவார்.

பொதுவுடைமையான ஒரு நடனம்

அக்கால அமெரிக்கச் சட்டப்படி ஒரு படத்தின் பதிப்புரிமையை 28ஆம் ஆண்டில் புதுப்பிக்க வேண்டும். அஸ்டேர் அறையின் சுவரிலும் உட்கூரையிலும் ஆடும் புகழ்பெற்ற நடனம் உள்ள 'ராயல் வெட்டிங்' (1951) புதுப்பிக்கப்படவில்லை. ஆகவே யார் வேண்டுமானாலும் அதைக் கேசட்டாகவும் டிவிடியாகவும் போட்டு விற்கலாம் என்றாயிற்று. பலர் விற்றார்கள். கையில் கிடைத்த தேய்ந்த படியிலிருந்து, நிறம் வெளிறி, ஒலி கரகரக்க வந்த மலிவுப் பதிப்புகளே பல்லாண்டு சந்தையை நிறைத்தன.

அந்த நடனத்தில் அறை முழுவதும் ஒரு பெரிய உருளைக்குள் அமைக்கப்பட்டு, அஸ்டேர் ஆடஆடச் சுழற்றப்பட்டது. கேமராவும் அதை இயக்குபவரும் அறையோடு பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களும் சேர்ந்தே சுழன்றனர். பார்ப்பவருக்கு அறை அசையாததுபோலவும் மனிதர் சுவரேறுவதுபோலவும் தோன்றும். எந்தக் கணத்தில் அவர் எடை ஒரு காலிலிருந்து சுவருக்கு மாறுகிறது என்பதைக் காண நல்ல பதிப்பு தேவை. மங்கிய படியில் அது வெறும் தந்திரக் காட்சியாகச் சுருங்கிவிடுகிறது. தெளிந்த பதிப்பில், சுழலும் தரைக்கேற்பத் தன் நடையை ஒரு மனிதர் எப்படிச் சரிசெய்கிறார் என்பது புரியும். நல்ல மூலச் சுருள் வார்னரிடம் இருந்தது. அந்நிறுவனம் வெளியிட்ட பதிப்பையே தேட வேண்டும்.

ஒலியும் ஒட்டுவேலையும்

இப்படங்களில் இசை முதலில் பதியப்பட்டு, படப்பிடிப்பின்போது ஒலிக்கவிடப்படும். காலடி ஒலி பெரும்பாலும் பின்னர், படத்தைப் பார்த்துக்கொண்டே தனியாக ஆடிப் பதியப்படும். அஸ்டேர் தன் ஒலியைத் தானே பதிவார். ரோஜர்சின் காலடி ஒலியைப் பலமுறை நடன இயக்குநர் ஹெர்மஸ் பான் ஆடிப் பதிந்தார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். எம்.ஜி.எம். ஒலிக்கூடத்தில் ஒரே இசையைப் பல ஒலிவாங்கிகள் தனித்தனிச் சுருளில் பதிந்திருந்தன. அவை பாதுகாக்கப்பட்ட படங்களுக்கு, திரையரங்கில் ஒருபோதும் கேட்டிராத ஸ்டீரியோ ஒலியை வீடியோ பதிப்புகளில் உருவாக்க முடிந்தது.

'தட்ஸ் என்டர்டெய்ன்மென்ட்' மூன்றாம் பாகம் இத்தகைய திரைமறைவுச் செய்திகளின் களஞ்சியம். எலினோர் பவல் 'லேடி பி குட்' (1941) படத்தில் ஆடும் நடனத்தை ஒரு பக்கமும், அதே நேரத்தில் பணியாளர்கள் அரங்கப் பகுதிகளை இழுத்து நகர்த்திக் கேமராவுக்கு வழிவிடுவதை மறுபக்கமும் அது காட்டுகிறது. அதைவிடச் சுவையானது, அஸ்டேர் 'தி பெல் ஆஃப் நியூயார்க்' (1952) படத்துக்காக ஒரே நடனத்தை வேறுவேறு உடையில் இருமுறை ஆடிய பதிவு. இரண்டையும் பக்கத்தில் பக்கம் ஓடவிட்டால், விரல் அசைவுவரை ஏறத்தாழ ஒன்றாக இருக்கின்றன. போகிற போக்கில் தோன்றியதுபோல் தெரியும் அந்த நடையில் தற்செயல் என்று எதுவும் இல்லை.

வெட்டப்பட்டவர்கள்

இப்படங்களில் கறுப்பினக் கலைஞர்களின் நடனங்கள் பெரும்பாலும் கதையோடு ஒட்டாமல் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. நிறப்பாகுபாடு நிலவிய அமெரிக்கத் தென்மாநிலங்களில் அவற்றை வெட்டிவிட்டுப் படத்தைத் திரையிட அது வசதியாக இருந்தது. ஆகவே வீடியோவில் முழுமையான படம் கிடைப்பது இவர்களைப் பொறுத்தவரை வெறும் தொழில்நுட்பச் செய்தியல்ல.

கறுப்பினக் கலைஞர்களே நடித்த 'ஸ்டார்மி வெதர்' (1943) படத்தின் முடிவில் பேயார்ட், ஹரால்ட் என்ற நிக்கலஸ் சகோதரர்கள் ஆடும் நடனம், ஹாலிவுட்டில் பதிவான ஆடல்களிலேயே தலைசிறந்த ஒன்றாகப் பலராலும் மதிக்கப்படுகிறது. அகன்ற படிக்கட்டில் ஒருவர் மற்றவரைத் தாண்டிக் குதித்து, கால்களை இருபுறமும் முழுதாக விரித்தபடி அடுத்த படியில் இறங்கி, கையை ஊன்றாமலே எழுகிறார்கள். வேகமாக ஓடும்போது இது நம்பமுடியாததாக இருக்கும். பிரேம் பிரேமாக நகர்த்திப் பார்த்தால் இன்னும் நம்பமுடியாததாகிறது. ஏனெனில் எந்த ஏமாற்றும் அகப்படுவதில்லை. இதே படத்தில் நடித்த பில் ராபின்சன், 'தி லிட்டில் கர்னல்' (1935) படத்தில் சிறுமி ஷெர்லி டெம்பிளுடன் படிக்கட்டில் ஆடியவர். கறுப்பின ஆணும் வெள்ளைச் சிறுமியும் கைகோத்து ஆடுவதே அக்காலத்தில் தென்மாநிலங்களுக்கு உறுத்தலாக இருந்தது.

முழுமையாகப் பாதுகாப்பதில் சங்கடமும் உண்டு. 'ஸ்விங் டைம்' படத்தில் அஸ்டேர், தன் மூன்று நிழல்களோடு போட்டியிட்டு ஆடும் அருமையான நடனத்தை முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடுகிறார். வெள்ளையர் கறுப்பினத்தவராக வேடமிட்டுக் கேலி செய்த பழைய மேடை மரபின் எச்சம் அது. அக்காட்சியை வெட்டிவிடுவதால் வரலாறு மாறாது. முழுமையாக வெளியிட்டு உடன் விளக்கமும் தருவதே நேர்மையான வழி. 2019 பதிப்பு அப்படித்தான் செய்தது.

அகன்ற தொலைக்காட்சியும் தலைகீழான தவறும்

டிவிடி 1997இல் அமெரிக்காவுக்கு வந்தது. வார்னர் நிறுவனம் அஸ்டேர்-ரோஜர்ஸ் படங்களை 2005, 2006 ஆண்டுகளில் இரு தொகுதிகளாகவும், பெர்க்லியின் படங்களை 2006இல் ஒரு தொகுதியாகவும் வெளியிட்டது. அதிகம் விற்காத படங்களைக் கேட்பவருக்கு மட்டும் வட்டில் பதிந்து அனுப்பும் வார்னர் ஆர்க்கைவ் திட்டம் 2009இல் தொடங்கியது. டிவிடியின் மண்டலக் குறியீட்டில் அமெரிக்கா 1, இந்தியா 5 என்பதால், அமெரிக்கப் பதிப்பை வாங்கிய இந்திய ரசிகர் எல்லா மண்டலங்களையும் ஏற்கும் கருவியைத் தேட வேண்டியிருந்தது.

பிறகு வீட்டுத் தொலைக்காட்சியே 16க்கு 9 என்ற விகிதத்துக்கு அகன்றது. சினிமாஸ்கோப் படங்களுக்கு நல்ல காலம் பிறந்தது. 'சில்க் ஸ்டாக்கிங்ஸ்' (1957) படத்தில் அகலத்திரையையும் ஸ்டீரியோ ஒலியையும் கேலி செய்து வரும் பாட்டின் நகைச்சுவையை இப்போதுதான் வீட்டில் ரசிக்க முடிகிறது. ஆனால் பழைய விகிதத்துப் படங்களுக்கு வேறு வகையில் ஆபத்து வந்தது. அவற்றை அகன்ற திரையில் முறையாகக் காட்டினால் இருபுறமும் கறுப்பு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியைப் பொறுக்காமல் தொலைக்காட்சியில் 'ஜூம்' அமைப்பைப் போட்டால், படத்தின் உயரத்தில் 23 விழுக்காடு மறைந்துவிடும். தலைமுதல் கால்வரை தெரிய வேண்டும் என்று அஸ்டேர் பிடிவாதமாக அமைத்த சட்டகத்தில் முதலில் போவது பாதம்தான். 'ஸ்ட்ரெச்' அமைப்பைப் போட்டாலோ பாதம் தங்கும். ஆனால் ஒல்லியான அஸ்டேர் பருத்த மனிதராகிவிடுவார். இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த நடனத் துணுக்குகள் பலவற்றில் இந்தத் தவறு நிலையாகவே பதிந்துள்ளது.

சரிபார்ப்பது எளிது. படத்தில் எங்காவது வட்டமான பொருள், ஒரு கடிகாரமோ வண்டிச் சக்கரமோ, வட்டமாகவே தெரிகிறதா என்று பார்க்கலாம். நடனம் தொடங்கியதும் காலணிக்குக் கீழே தரை சிறிதளவாவது தெரிகிறதா என்று கவனிக்கலாம். பெட்டியில் அச்சிட்ட ஓட்ட நேரம் படத்தின் அசல் நேரத்தோடு ஒத்துப்போகிறதா, அல்லது நூற்றுக்கு நான்கு நிமிடம் குறைகிறதா என்று கணக்கிட்டால் வேகமும் தெரிந்துவிடும். 'சிங்கிங் இன் தி ரெயின்' 103 நிமிடம்; 99 நிமிடத்தில் முடியும் பதிப்பு கையிலிருந்தால், மழையில் ஜீன் கெல்லி சற்று அவசரமாகவே ஆடிக்கொண்டிருப்பார்.